ஆபி ரோட்டிலிருந்து பாங்போர்ன் வரை: ஒரு இசைத்தட்டின் வழியே

திங்கள் – ஆபி ரோடு

இந்த வாரம் முழுக்க ஒரே ஒரு ஆல்பம்தான் காதில். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பமான 'தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்', 1967 ஆகஸ்ட் முதல் வாரத்தில் வெளிவந்தது. அது பதிவான இடம், மேடையேறிய இடங்கள், அதை எழுதிய சிட் பாரெட் வளர்ந்த ஊர், தலைப்பைத் தந்த ஆறு என எல்லாவற்றையும் முடிந்தவரை நடந்தே பார்ப்பதாகத் திட்டம். தினமும் இரவு இங்கே எழுதுகிறேன்.

ஏன் இந்த ஆல்பம்? நம்மில் பெரும்பாலோர் ஃப்ளாய்டுக்குள் நுழைந்த வழி 'டார்க் சைட்' அல்லது 'தி வால்' என்ற பிந்தைய ஆல்பங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் போய் 'பைப்பர்' கேட்கும்போது பாட்டுக்கு முன்னால் சிட்டின் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது: எல்எஸ்டி என்ற போதைமருந்து, மனநலம் குலைந்தது, 1968இல் குழுவை விட்டுப் போனது, கேம்பிரிட்ஜ் வீட்டுக்குள் ஒதுங்கியது, 2006இல் மறைந்தது. அப்புறம் ஒவ்வொரு சிரிப்புச் சத்தத்திலும் ஒரு முன்னறிகுறியைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். பதினோரு பாட்டில் எட்டைத் தனியாக எழுதிய ஒருவருக்குச் செய்யும் அநியாயமாகவே இது எனக்குப் படுகிறது. 1967 பிப்ரவரியில் ஸ்டுடியோவுக்குள் போனபோது அவருக்கு வயது 21. மற்ற மூவருக்கும் (ரிக் ரைட், ராஜர் வாட்டர்ஸ், நிக் மேசன்) 23. அந்த நால்வரும் அந்த மாதங்களில் என்ன செய்தார்களோ அதை மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஹாரோவில் பெரியம்மா மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். மெட்ரோபாலிட்டன் லைனில் ஃபிஞ்ச்லி ரோடு வரை வந்து, ஜூபிலிக்கு மாறி, செயின்ட் ஜான்ஸ் வுட்டில் இறங்கினால் ஐந்து நிமிட நடையில் அந்த ஜீப்ரா கிராசிங். கூட்டத்துக்குக் குறைவில்லை. நான்கு நான்கு பேராகக் கால் அகட்டிக் கடக்கிறார்கள், கார்கள் பொறுமையாக நிற்கின்றன. பீட்டில்ஸ் குழு ஒரு ஆல்பத்தின் அட்டைப்படத்துக்காக நடந்து கடந்த இடம் இது, எல்லாரும் அவர்களுக்காக வந்தவர்கள். அந்தக் கிராசிங்குக்கே 2010இல் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற தகுதி கிடைத்துவிட்டது.

'பைப்பர்' பதிவான ஆபி ரோடு ஸ்டுடியோ ஒரு வெள்ளை வீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியிருப்பாகக் கட்டப்பட்டதை, பின்னால் இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தின் பகுதியான கிராமஃபோன் கம்பெனி வாங்கி, பின்புறம் பெரிய அறைகள் சேர்த்தது. 1931இல் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரை வைத்துத் திறந்தார்கள். இன்றும் வேலை நடக்கிற இடம், உள்ளே விடுவதில்லை. வெளிச் சுவர் முழுக்க ரசிகர்களின் கிறுக்கல்கள். நிறைந்ததும் வெள்ளையடிப்பார்கள், மறுபடி நிறையும். நான் போனபோது பாதி நிறைந்திருந்தது. சிட் பெயரும் ஓரிடத்தில் இருந்தது.

சுவருக்கு எதிரே நின்று 'மடில்டா மதர்' கேட்டேன். 1967 பிப்ரவரி 21 அன்று இங்கே அவர்கள் எடுத்த முதல் பாட்டு அது. கதை வாசித்துக்கொண்டிருந்த அம்மா நடுவில் நிறுத்திவிட, பிள்ளை மேலே சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறது. முதலில் சிட் அதில் ஹிலேர் பெல்லாக் என்ற கவிஞர் குழந்தைகளுக்கு எழுதிய வரிகளைத்தான் வைத்திருந்தார். உரிமையாளர்கள் மறுத்துவிட்டதால் தானே புதிதாக எழுதினார். அந்த மறுப்புக்கு நான் நன்றி சொல்வேன். பெல்லாக்கின் வரிகள் குறும்புக்காரக் குழந்தைகளுக்கு நேரும் கதியைச் சொல்பவை. சிட்டின் வரிகளிலோ கதை கேட்கிற ஆசையே பொருளாகிவிட்டது. ரிக் ரைட் அடக்கமான குரலில் சரணங்களைப் பாட, சிட் இடையில் நுழைந்து கெஞ்சுகிறார். ஒரே வீட்டின் இரண்டு குரல்கள்.

தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித் அப்போது நாற்பதைத் தாண்டியவர், ஜாஸ் வாசித்துப் பழகியவர், 'ரப்பர் சோல்' ஆல்பம் வரை பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர். ஃப்ளாய்டுக்கு அவர் பொருந்தவில்லை, கிளப்பில் ஓடிய நெருப்பை மூன்று நிமிடக் கூண்டில் அடைத்துவிட்டார் என்று காலங்காலமாக ஒரு குறை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளக்கூடிய 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' இங்கே பத்து நிமிடத்துக்குள் நிற்கிறது. அதற்கு அப்புறம் வரும் 'தி நோம்' இரண்டேகால் நிமிடம். அந்த இரண்டும் அடுத்தடுத்து வரும்போது ஏற்படுகிற குலுக்கல், கட்டுப்பாடு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததால் கிடைத்தது. நான்கு டிராக் கருவிகள், வெள்ளைக் கோட்டுப் பொறியாளர்கள், நேரக் கணக்கு என்று இயங்கிய இடத்தில் இத்தனை விசித்திரமான பாட்டுகள் சுத்தமாகப் பதிவாகியிருக்கின்றன. ஒலிப்பதிவாளர் பீட்டர் பவுனின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். அவரை யாரும் நினைப்பதே இல்லை.

இவர்கள் மூன்றாம் ஸ்டுடியோவில் இருந்தபோது, இரண்டாம் ஸ்டுடியோவில் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்தது. மார்ச் 21 அன்று நால்வரையும் அங்கே கூட்டிப்போய் மரியாதையாக உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டார்கள். ஒரே கூரையின் கீழ் அந்த இரண்டு ஆல்பங்களும்! இதை நினைத்தபடி கிராசிங்கைக் கடந்தேன். நான் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய் – டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, நாட்டிங் ஹில்

இன்று பார்த்தவை பெரும்பாலும் இல்லாத கட்டடங்கள்.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு 31ஆம் எண்ணில் ஒரு சினிமா தியேட்டருக்கு அடியில் பிளார்னி கிளப் என்ற ஐரிஷ் நடனக் கூடம் இருந்தது. 1966 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை இரவு, ஜோ பாய்டும் ஜான் ஹாப்கின்ஸும் அங்கே யுஃபோ கிளப்பைத் தொடங்கினார்கள். ஃப்ளாய்ட்தான் அங்கே வழக்கமாக வாசிக்கும் குழு மாதிரி. இன்று அந்த இடத்தில் வேறு கட்டடம். மின்சாரச் சாமான் கடைகளும் காபிக் கடைகளும் பேருந்துகளுமாகத் தெரு இரைந்துகொண்டிருக்கிறது. 'அஸ்ட்ரானமி டொமினே'யை அந்த இரைச்சலுக்குள் போட்டேன்.

தொடக்கத்தில் வானொலிச் செய்தி போலக் கேட்கும் குரல் பீட்டர் ஜென்னருடையது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், இந்தக் குழுவின் மேலாளராக மாறியவர். மெகாபோன் வழியாக விண்வெளிப் பெயர்களை வாசிக்கிறார். பிறகு சிட்டின் கிட்டார் இறங்குகிறது. ஃபெண்டர் எஸ்கொயர் கிட்டார் அது, மேலே வட்ட வட்டமாகக் கண்ணாடித் தகடுகள் ஒட்டியிருப்பார். அதிலிருந்து வரும் ஒலி பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலியக் கருவிக்குள் போகும். நாடாவுக்குப் பதிலாகச் சுழலும் ஒரு காந்தத் தட்டில் ஒலி பதிந்து, வரிசையாக நிற்கும் முனைகள் வழியே திரும்பத் திரும்ப வெளியே வரும். அந்த எதிரொலிக்கு ஏற்ற மாதிரி இடைவெளி விட்டு வாசிக்கத் தெரிந்திருப்பதில்தான் சிட்டின் திறமை. வேகமாக விரல் ஓட்டுகிறவர் அல்ல அவர். சிப்போ லைட்டரைக் கம்பிமேல் தேய்த்து, அடுத்த எதிரொலி எங்கே விழும் என்று கேட்டு, அங்கே ஒரு சுரம் வைப்பார். ரிக் ரைட்டின் ஃபார்ஃபீஸா ஆர்கனும் இத்தாலியச் சரக்குதான். வாட்டர்ஸின் பேஸ், மேசனின் டிரம்ஸ் இரண்டும் அடியில் உறுதியாக நிற்கின்றன. அவை நிற்பதால்தான் மற்ற இருவரும் பறக்க முடிகிறது.

விண்வெளி ராக் என்று எல்லாரும் சொல்கிற இந்தப் பாட்டின் வரிகளைக் கவனித்துப் பாருங்கள். ஓபரான், மிராண்டா, டைட்டானியா என்று யுரேனஸின் துணைக்கோள்கள். மூன்றுமே ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களின் பெயர்கள். கடைசியில் டான் டேர் வருகிறான், அந்தக் காலத்துப் பையன்கள் வாராவாரம் படித்த சித்திரக்கதை நாயகன். இது ஒரு சிறுவனின் புத்தக அலமாரி. ராக்கெட் புறப்படுவது அந்த அலமாரியிலிருந்துதான்.

மத்தியானம் நாட்டிங் ஹில். போவிஸ் கார்டன்ஸில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயக் கூடம் இருந்தது. 1966 இலையுதிர் காலத்தில் லண்டன் ஃப்ரீ ஸ்கூல் என்ற அக்கம்பக்கத்துக் கல்வி முயற்சிக்காக ஃப்ளாய்ட் வாசித்ததும், குழுவின்மேல் வண்ண ஒளி பாய்ச்சும் வழக்கம் தொடங்கியதும் அங்கேதான். கூடத்தை இடித்துவிட்டார்கள். தேவாலயம் இருக்கிறது. படியில் உட்கார்ந்து 'பவ் ஆர். டாக் எச்.' கேட்டேன். தொடக்கத்தில் வாயாலேயே தாளம் போடுகிறார்கள்: டாய், டாய், சிக்-சிக் என்று. கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடித்துப்போகும். நம் கணக்கு வழக்கெல்லாம் அதில் கிடையாது. ஆனால் வாத்தியத்தைக் கையில் எடுக்கும் முன்னால் வாயே வாத்தியமாக இருக்கிற அந்தச் சந்தோஷம் இரண்டிலும் ஒன்றுதான்.

வாட்டர்ஸின் 'டேக் அப் தை ஸ்டெதஸ்கோப் அண்ட் வாக்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் எழுதி வெளிவந்த முதல் பாட்டு. நடுவில் ஆர்கனும் கிட்டாரும் மோதுகிற இடம் மட்டும் யுஃபோ எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறது.

புதன் – சவுத் பேங்க், அலெக்ஸாண்ட்ரா பேலஸ்

குவீன் எலிசபெத் ஹால். 1967 மார்ச்சில்தான் திறந்தார்கள். மே 12 அன்று ஃப்ளாய்ட் அங்கே 'கேம்ஸ் ஃபார் மே' என்று ஒரு மாலை நடத்தியது. ஆபி ரோட்டுப் பொறியாளர் ஒருவர் செய்துகொடுத்த கருவியின் கைப்பிடியை ரிக் ரைட் திருப்பத் திருப்ப ஒலி கூடத்தின் நான்கு மூலைக்கும் ஓடியிருக்கிறது. சோப்புக் குமிழியும் பூவும் இருக்கைகளைக் கறையாக்கிவிட, இனி இங்கே வாசிக்கக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கான்கிரீட் பால்கனியில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

மாலையில் அலெக்ஸாண்ட்ரா பேலஸ். பஸ் மேட்டில் ஏற ஏற லண்டன் முழுக்கக் கீழே விரிகிறது. 1967 ஏப்ரல் 29 இரவு தொடங்கி மறுநாள் வரை இங்கே 'பதினான்கு மணி நேர டெக்னிகலர் டிரீம்' நடந்தது. ஆயிரக்கணக்கான கூட்டம். ஃப்ளாய்ட் அன்று ஹாலந்தில் ஒரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு இரவோடிரவாகத் திரும்பி, விடியற்காலையில் மேடையேறியது. பெரிய வட்டக் கண்ணாடி ஜன்னல் வழியாக முதல் வெளிச்சம் உள்ளே வந்த நேரம் அது என்று அங்கே இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

எல்எஸ்டி பற்றிப் பேசாமல் இந்த மேட்டை விட்டு இறங்க முடியாது. சிட் அதைப் பயன்படுத்தினார், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்த ஆண்டு கோடையிலேயே அவரிடம் மாற்றம் தெரிந்தது. ஆகஸ்ட்டில் நிகழ்ச்சிகளை ரத்து செய்ய வேண்டி வந்தது. 1968 ஜனவரியில் கிட்டார் வாசிக்க டேவிட் கில்மோர் குழுவுக்குள் வந்தார், ஏப்ரலில் சிட் வெளியேறியது அறிவிக்கப்பட்டது. அதெல்லாம் உண்மையான துயரம். ஆனால் இந்தப் பாட்டுகளைப் போதைமருந்து எழுதவில்லை. ஒரு வரி விடாமல் கேட்டால் தெரியும்: 'சாப்டர் 24' முழுக்கச் சீனத்தின் 'ஐ சிங்' நூலின் இருபத்துநான்காம் பகுதி, திரும்பிவருதல் பற்றியது. 'லூசிஃபர் சாம்' சிட் வளர்த்த சயாமியப் பூனை. துப்பறியும் படத்துக்கு வைக்கிற மாதிரி ஒரு கிட்டார் வரியைப் போட்டு, அந்தப் பூனையைப் பெரிய மர்மப் பேர்வழி ஆக்கிவிட்டார். படித்ததையும் வீட்டில் நடமாடியதையும் எடுத்துப் பாட்டாக்கத் தெரிந்த ஒருவரின் வேலை இது. போதையில் கிடந்த ஆயிரம் பேர் லண்டனில் அன்று இருந்தார்கள். 'லூசிஃபர் சாம்' எழுதியது ஒருவர்.

வியாழன் – கேம்பிரிட்ஜ்

கிங்ஸ் கிராஸிலிருந்து விரைவு ரயிலில் ஐம்பது நிமிடம் போலத்தான். சுற்றுலாக்காரர்கள் ஸ்டேஷனிலிருந்து வலப்பக்கம் திரும்பிக் கல்லூரிகளைப் பார்க்கப் போவார்கள். நான் இடப்பக்கம் திரும்பி ரயில் பாலத்தைத் தாண்டி ஹில்ஸ் ரோட்டில் நடந்தேன். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் தெருவுக்கும் சம்பந்தம் குறைவு. செங்கல் வீடுகள், மரங்கள், சைக்கிள்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்.

இந்த ரோட்டில்தான் பாரெட் குடும்பம் வசித்தது. நோய்க்கூறியல் மருத்துவரான அப்பா மாக்ஸ் பாரெட் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் வேலை பார்த்தார். வீட்டில் பியானோ இருந்தது. ரோட்டின் மறுபக்கம் ஹில்ஸ் ரோடு சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரி. அது சிட்டும் ராஜர் வாட்டர்ஸும் படித்த ஆண்கள் உயர்நிலைப் பள்ளியாக அப்போது இருந்தது. பின்னாளில் ஃப்ளாய்டின் அட்டைப்படங்களை உருவாக்கிய ஸ்டார்ம் தார்கர்சனும் அங்கேதான். வாட்டர்ஸ் வீடு பக்கத்துத் தெருக்களில் ஒன்றான ராக் ரோட்டில். எல்லாம் கூப்பிடு தூரம். வீடுகளில் வேறு குடும்பங்கள் இருக்கின்றன, அதனால் எண்ணைத் தேடிப் போகவில்லை, நிற்கவும் இல்லை.

1961 டிசம்பரில் அப்பா இறந்துபோனார். சிட்டுக்குப் பதினாறு நிறைய ஒரு மாதம்கூட இருந்திருக்காது. இதையும் இந்த ஆல்பத்தையும் நேர்கோடு போட்டு இணைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஹில்ஸ் ரோட்டில் நடக்கும்போது 'மடில்டா மதர்' வேறு மாதிரி கேட்டது. பாட்டில் வாசிப்பது அம்மா மட்டும்தான்.

நகருக்குள் வந்து ஈஸ்ட் ரோட்டில் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகம் பார்த்தேன். இங்கே இருந்த கலை, தொழில்நுட்பக் கல்லூரியில்தான் சிட் ஓவியம் படித்தார். கில்மோரும் அப்போது அங்கே மாணவர். இருவரும் மதிய இடைவேளையில் சேர்ந்து கிட்டார் பழகியிருக்கிறார்கள். 1964இல் சிட் லண்டனுக்கு, கேம்பர்வெல் ஓவியக் கல்லூரிக்குப் போனார். ஓவியராகத்தான் அவர் தன்னை நினைத்திருந்தார். ஆல்பத்தின் பின்னட்டையில் இருக்கும் நிழலுருவம் அவர் செய்தது. முன்னட்டைப் படம் விக் சிங் எடுத்தது. ஜார்ஜ் ஹாரிசன் கொடுத்த பட்டகக் கண்ணாடி லென்ஸ் வழியாக நான்கு முகங்களையும் பல முகங்களாகச் சிதற வைத்தார்.

மாலையில் கார்ன் எக்ஸ்சேஞ்ச். 1972இல் ஸ்டார்ஸ் என்ற சிறிய குழுவோடு சிட் வாசித்த அரங்கம். 2016இல் அவருக்காக இங்கே ஒரு கலைப்படைப்பை நிறுவியிருக்கிறார்கள். சொந்த ஊர் நினைவு வைத்திருப்பது நிம்மதியாக இருந்தது.

வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சைக்கிள். கூடை வைத்த சைக்கிள், மணி அடிக்கும் சைக்கிள், கம்பி வேலியில் மூன்று வரிசையாகச் சாய்த்துப் பூட்டிய சைக்கிள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'பைக்'. ஒரு பையன் பெண்ணிடம் தன் சொத்துக்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறான்: சைக்கிள், மேலங்கி, வீடில்லாத ஒரு எலி, இஞ்சி பிஸ்கட் மனிதர்கள். இந்த ஊரில் கேட்டால் அதில் கிறுக்குத்தனம் ஏதும் இல்லை. காதலைச் சொல்ல வந்தவன் கையில் இருப்பதையெல்லாம் கொடுக்கிறான்.

வெள்ளி – கிராண்ட்செஸ்டர் புல்வெளி

நேற்று இரவு ஸ்டேஷன் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டேன். காலையில் நியூன்ஹாம் வழியாக நடந்தால் வீடுகள் திடீரென முடிந்து புல்வெளி தொடங்குகிறது. ஒரு பக்கம் கேம் ஆறு, இந்தப் பக்கம் மாடுகள். ஆற்றோரம் கிராண்ட்செஸ்டர் கிராமம் வரை ஒற்றையடிப் பாதை, மூன்று கிலோமீட்டர் இருக்கும். மே மாதம் என்பதால் புல் முழுக்க மஞ்சள் பட்டர்கப் பூ.

இந்த இடம் ஃப்ளாய்டை விட்டுப் போகவே இல்லை. 1969இல் வாட்டர்ஸ் இதன் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார், பறவைச் சத்தத்தோடு. ஆனால் அதற்கு முன்பே 'பைப்பர்' இங்கே நடமாடிவிட்டது. 'ஃப்ளேமிங்' பாட்டில் பட்டர்கப் பூ வருகிறது, மேகம் வருகிறது, ஒளிந்துகொண்டு நண்பனைப் பார்க்கும் விளையாட்டு வருகிறது. லண்டன் ரயிலில் இதைக் கேட்டபோது கனவுப் பாட்டாக இருந்தது. புல்லில் மல்லாந்து படுத்துக் கேட்டபோது கண்முன்னால் இருப்பதைச் சொல்லும் பாட்டாகிவிட்டது. பூ அதன் உயரத்தில் இருந்து தெரிகிறது, மேகம் மேலே போகிறது. யுனிகார்ன் மட்டும்தான் இங்கே இல்லை.

'ஸ்கேர்குரோ'வை மூன்று முறை கேட்டேன். குதிரைக் குளம்பு நடப்பது போல ஒரு தட்டல் பாட்டு முழுக்க வருகிறது, ஆர்கன் மேலே நாட்டுப்புற மெட்டு ஒன்றைச் சுழற்றுகிறது. வயல்வெளியில் நிற்கும் பொம்மைக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று பாடுகிறவர் யோசிக்கிறார். கடைசியில் அது தன் நிலையோடு சமாதானமாகிவிட்டது என்கிறார். உடனே பன்னிரண்டு கம்பிக் கிட்டார் ஒன்று திறந்துகொள்கிறது, பாட்டு சட்டென்று அகலமாகிறது. இரண்டே நிமிடம். இந்த ஆல்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தத் திருப்பம்தான். சிட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பாட்டை அவருடைய பிற்காலத்தின் படமாகவே பார்க்கிறார்கள். இந்த வயலைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் வைக்கோல் பொம்மையைப் பார்த்து அதன்மேல் இரக்கப்பட்டிருக்கிறான். அதுவே போதுமான காரணம்.

'தி நோம்' பற்றிப் பல நல்ல ரசிகர்கள் கூசுகிறார்கள். குள்ளர் கதையெல்லாம் எதற்கு என்பார்கள். எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. பத்து நிமிட 'ஓவர்டிரைவ்' முடிந்து காது அதிர்ந்துகொண்டிருக்கும்போது கம்பி மீட்டலோடு ஒரு சின்னக் கதை. சிட்டின் உச்சரிப்பைக் கவனியுங்கள். அமெரிக்க ப்ளூஸ் குரலைப் போலி செய்வதுதான் அன்றைய பிரிட்டிஷ் ராக் பாடகர்களின் வழக்கம். குழுவின் பெயரே பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு ப்ளூஸ் கலைஞர்களிடமிருந்து சிட் எடுத்துவைத்தது. அப்படியிருந்தும் பாடும்போது அவர் தன் சொந்த ஊர்ப் பேச்சிலேயே பாடினார். பின்னாளில் எத்தனையோ பேருக்கு அது தைரியம் கொடுத்தது.

மாலை ரயிலில் ஹாரோ திரும்பினேன்.

சனி – பாங்போர்ன்

தலைப்பு வந்த கதை இது. கென்னத் கிரஹாமின் 'தி விண்ட் இன் த வில்லோஸ்' 1908இல் வந்த குழந்தை நாவல். அதன் ஏழாம் அத்தியாயத்தின் பெயரைத்தான் சிட் ஆல்பத்துக்கு வைத்தார். கிரஹாம் இங்கிலாந்து வங்கியின் செயலாளராக இருந்தவர், தேம்ஸ் கரையிலேயே வளர்ந்து, கடைசி ஆண்டுகளைப் பாங்போர்ன் கிராமத்தில் கழித்து 1932இல் இறந்தார். அண்ணன் இன்று விடுமுறை என்பதால் காரில் கூட்டிப்போனார்.

"ஒரு பாட்டுத் தட்டுக்காகவாடா இவ்வளவு தூரம்?"

"தட்டுக்குப் பேர் வந்த ஆறுண்ணே. போற வழியில போடுறேன், கேளுங்க."

எம்4 சாலையில் முழு ஆல்பத்தையும் போட்டேன். 'ஓவர்டிரைவ்' பாதியில் அண்ணன் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். 'பைக்' முடிவில் கடிகாரங்களும் பொறிகளும் கலந்து ஒலித்து, பிறகு வாத்துக் கூட்டம் போல ஏதோ சுற்றிச் சுற்றிக் கத்தியபோது, "இது என்னது?" என்று கேட்டார். அவர்களுடைய சிரிப்பைப் பின்னோக்கி ஓட்டி, வேகத்தைக் கூட்டி, நாடாவை வளையமாக்கிச் சுழலவிட்டது என்றேன். திரும்பப் போடச் சொன்னார்.

ஊர் சின்னது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் கிரஹாம் இருந்த வீடு, பாங் என்ற சிற்றாறு தேம்ஸில் கலக்கும் இடம், அக்கரைக்குப் போகக் காருக்குச் சுங்கம் வாங்கும் விட்சர்ச் பாலம், அதற்கு மேலே மதகணை. தண்ணீர் வெண்மையாக விழுந்து கீழே அமைதியாகிறது. கரையோரம் வில்லோ மரங்கள் நீரைத் தொடுகின்றன.

அத்தியாயத்தின் கதையை அண்ணனுக்குச் சொன்னேன். நீர்நாய்க் குட்டி ஒன்று காணாமல் போகிறது. நீரெலியும் மண்ணைக் குடைந்து வாழும் மோலும் இரவெல்லாம் படகு வலித்துத் தேடுகின்றன. விடியும் நேரத்தில் குழலோசை. மதகணையின் அருகே ஒரு தீவு. அங்கே பான் என்ற காட்டுத் தெய்வம், அதன் குளம்புகளுக்கு இடையில் குட்டி தூங்கிக்கொண்டிருக்கிறது. தரிசனம் முடிந்ததும் தெய்வம் ஒரு இளங்காற்றை அனுப்பி மறதியைத் தருகிறது. அந்தப் பேரின்பத்தின் நினைவு தங்கிவிட்டால் அப்புறம் சாதாரண நாட்களை வாழ முடியாது என்பதால் அந்தக் கருணை.

"அப்ப குட்டி கிடைச்சிடுச்சில்ல?" என்றார் அண்ணன். கிடைத்துவிட்டது என்றேன்.

இந்தக் கதைகள் கிரஹாம் தன் மகன் அலஸ்டெயருக்குச் சொல்லத் தொடங்கியவை. அந்த மகன் இருபது வயது நிறையும் முன்னே, 1920இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரயில் பாதையில் இறந்துகிடந்தான். அப்பாவும் மகனும் ஆக்ஸ்ஃபோர்ட் கல்லறை ஒன்றில் சேர்ந்து கிடக்கிறார்கள். ஆனாலும் அந்த நாவலை யாரும் அலஸ்டெயரின் மரணத்துக்கு முன்னுரையாகப் படிப்பதில்லை. ஆற்றையும் படகையும் தேரையின் மோட்டார் பைத்தியத்தையும் அப்படியே ரசிக்கிறார்கள். அந்த உரிமையைப் 'பைப்ப'ருக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரம் முழுக்க நான் சொல்ல வந்தது. பின்னால் நடந்த துயரத்துக்காக அழுவோம், அதற்கென்றே ஃப்ளாய்ட் 1975இல் ஒரு ஆல்பத்தைத் தந்திருக்கிறது. 1967இன் மகிழ்ச்சியை மகிழ்ச்சியாகவே கேட்போம்.

ஞாயிறு – ஹாரோ

மழை. வெளியே போகவில்லை. எந்தப் பதிப்பை வாங்குவது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பதில்.

மோனோ, ஸ்டீரியோ இரண்டையும் காலையிலிருந்து மாற்றி மாற்றிக் கேட்டேன். முதலில் மோனோ கேளுங்கள். 1967இல் வீடுகளில் பெரும்பாலும் மோனோ பிளேயர்தான் இருந்தது, அதனால் ஸ்டுடியோக்களும் அந்தக் கலவைக்குத்தான் அதிகம் உழைத்தன. 'அஸ்ட்ரானமி டொமினே'யில் நான்கு பேரும் ஒரே திசையிலிருந்து ஒரே உடலாக வந்து மோதுகிறார்கள். ஸ்டீரியோவில் அந்த அழுத்தம் குறைவு. 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' முடிவு மட்டும் விதிவிலக்கு: ஒலி இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு வேகமாகப் பாய்ந்து திரும்பும் அந்த விளையாட்டு ஸ்டீரியோவுக்கே உரியது, ஹெட்போனில் கேட்க வேண்டும். 2007இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் இரண்டும் இருக்கின்றன. பெல்லாக் வரிகளோடு பாடிய பழைய 'மடில்டா மதர்' பதிவும் அதில் உண்டு.

'சீ எமிலி ப்ளே' இந்த ஆல்பத்தில் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது தனி சிங்கிள், செல்சியில் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில் எடுத்தது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது, ஆல்பமும் அதே ஆறாம் இடம். அமெரிக்காவில் டவர் நிறுவனம் வெளியிட்ட பதிப்பில் அதைச் சேர்த்துவிட்டு 'அஸ்ட்ரானமி டொமினே', 'ஃப்ளேமிங்', 'பைக்' மூன்றையும் எடுத்துவிட்டார்கள். தொடக்கப் பாட்டும் போய், முடிவுப் பாட்டும் போய், நடுவில் புல்வெளியும் போய்விட்டது. பழைய தட்டுக் கடையில் அந்தப் பதிப்பு மலிவாகக் கிடைத்தால், அட்டைக்காக வேண்டுமானால் வாங்குங்கள். முதல்முறை கேட்பதற்குப் பதினோரு பாட்டும் உள்ள பிரிட்டிஷ் பதிப்பையே எடுங்கள், வரிசையை மாற்றாமல் போடுங்கள்.